முதல் கியர்

சிக்னலில் பச்சை விழுந்தது. முதல் கியரைப் போட்டு, கிளட்சிலிருந்து காலைப் பாதி எடுத்தவன், சட்டென்று மறுபடி மிதித்தான்.

முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு ஹெல்மெட்டின் உச்சி.

லாரியின் மூக்கடியில் ஒரு பெண்ணின் ஸ்கூட்டர் அணைந்துபோயிருந்தது. அவளுக்கு முன்னால் ரிப்பன் கட்டிய ஒரு சின்னத் தலை.

அவன் முதுகுக்குப் பின்னால் முப்பது டன் கருங்கல், துறைமுகத்துக்கு.

ஒரு கால் கிளட்சில். ஒரு கால் பிரேக்கில். எஞ்சின் பாயத் துடித்தது.

பின்னால் நின்ற கார்க்காரன், ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை.

சிவப்பு விழுந்தது.

கார்க்காரன் இறங்கி வந்தான். லாரியின் படியில் தாவி ஏறினான். ஜன்னல் வழியாக முதல் குத்து, மூக்கில்.

"நடுரோட்டுல போட்டுட்டுத் தூங்குதியாலே?"

"அண்ணாச்சி, முன்னாடி பச்சப்புள்ள..."

அடுத்த குத்து வாயில். உடைந்த பல் நாக்கில் கிடந்தது.

சட்டையோடு பிடித்து வெளியே இழுத்தான் கார்க்காரன். கழுத்து ஜன்னல் விளிம்பில் நெரிந்தது. கியரை நியூட்ரலுக்குத் தட்டிவிட இடது கை துழாவியது. எட்டவில்லை.

காலை எடுத்தால் லாரி எகிறும்.

எடுக்கவில்லை.

அடி விழுந்துகொண்டே இருந்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. மற்றதால் அந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி பச்சை.

ஸ்கூட்டர் இருமியது. கிளம்பியது. அந்தப் பெண் திரும்பிப் பார்க்கவில்லை.

முன்னால் சாலை வெறிச்சென்று கிடந்தது.

அவன் கிளட்சை விட்டான்.

லாரி ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. கார்க்காரனின் கால் படியிலிருந்து வழுக்கியது. லாரிக்காரன் வலது கையை நீட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்தான்.

பாரம் ஏற்றிய லாரி முதல் கியரில் ஆள் நடக்கிற வேகம்தான் போகும். குதித்து இறங்கிக்கொள்ளலாம்.

"கைய விடுலே!"

இரண்டாவது கியர்.

கார்க்காரனின் செருப்பு கழன்று உருண்டது. பின்சக்கரங்கள் அதன்மேல் ஏறிப் போயின. அவன் அதைப் பார்த்தான். கார்க்காரனும் பார்த்தான்.

மூன்றாவது.

"அண்ணாச்சி... விட்டுராதீங்க அண்ணாச்சி..." இப்போது கெஞ்சியது கார்க்காரன்.

லாரிக்காரன் வாயில் ஊறிய இரத்தத்தை விழுங்கினான். வியர்த்த மணிக்கட்டு நழுவப் பார்த்தது. ஸ்டியரிங்கை முழங்காலால் தாங்கிக்கொண்டு, பிடியை இறுக்கினான்.

நாலாவது கியருக்கு இடது கையே போதும்.