பதினொரு நோட்டுகள்

"பெண்கள் எழுதியதைத் தொலைத்தது வேறு யாருமில்லை. அவரவர் வீட்டில் இருந்தவர்கள்தான்!"

பேராசிரியை மெஹ்ஜபின் முடித்ததும் அரங்கம் கைதட்டியது. மறக்கப்பட்ட தமிழ்ப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வு நூல் அன்று திருப்பூரில் வெளியானது.

மேடையை விட்டு இறங்கியவரிடம், இறந்துபோன மாமியார் முனவர் பேகத்தின் தோழி வந்தார்.

"ஏங்கண்ணு, உன்ற மாமி எழுதுன கதையெல்லாம் இதுல சேக்கலியா?"

"மாமி கதை எழுதுனாங்களா? அவங்க பீரோவுல அரபி நோட்டுகதானுங்க இருந்துச்சு."

"எழுத்துதான் அரபி, கண்ணு. கதை பூராத் தமிழு. எங்களுக்கு குர்ஆன் ஓதத்தான சொல்லிக்குடுத்தாங்க? பள்ளிக்கொடத்துக்கு எங்க அனுப்புனாங்க? தெரிஞ்ச எழுத்துலயே அவ எழுதி வெச்சா. நோட்டெல்லாம் ஊட்டுல பத்திரமா இருக்குதா?"



மாமி இறந்தபின், ஓதுகிற எழுத்து குப்பையில் கிடக்கக் கூடாதென்று, பதினொரு நோட்டுகளையும் புது பனியன் துணியில் சுற்றி, நெருப்பெரிச்சல் ஊர்க் கிணற்றில் மரியாதையோடு இறக்கியவர் மெஹ்ஜபின்தான்.

அவருக்கும் ஓதத் தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு வரியை வாய்விட்டு வாசித்திருந்தால், தமிழ் கேட்டிருக்கும்.