வடாம் காய்ந்த சோலார் பலகை

மொட்டை மாடிக்குப் புதிதாக வந்த சோலார் பலகைக்கு அன்று பரீட்சை. நண்பகலில் தண்ணீர் மோட்டாரை ஓட்டிக் காட்ட வேண்டும். முடியாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மூன்றாம் மாடி அம்மாளுக்கு அதெல்லாம் தெரியுமா? நல்ல சூடான இடமாச்சே என்று, காலையிலேயே அதன்மேல் பழைய வேட்டியை விரித்து வடாம் பிழிந்துவிட்டுப் போனாள்.

நண்பகலில் மோட்டார் முனகி நின்றது.

முற்றத்து டீசல் ஜெனரேட்டர் சிரித்தது. "என்ன தம்பி, வடாம் காயவைக்கத்தான் வந்தாயா? நகரு, நான் ஓட்டுகிறேன்."

"கொஞ்சம் பொறுங்கள் அண்ணே," என்ற பலகை, தொட்டிமேல் இருந்த காகத்தைக் கூப்பிட்டது. "அக்கா, இன்றைக்கு விரட்ட ஆளே இல்லை."

"கறுப்புக் குடைகூட வைக்கவில்லையா? சரியான அசடு!" என்று காகம் கரைந்தது.

சொந்தபந்தம் முப்பதும் பறந்து வந்தது. அரை ஈர வடாம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. வேட்டியையும் இழுத்துத் தள்ளிவிட்டன.

பளீரென்று வெயில் விழ, மோட்டார் ஓடியது. தொட்டி நிரம்பி வழிந்தது. பலகை பாஸ்!

மறுநாள் அந்த அம்மாள் வேறு இடம் தேடினாள். ஜெனரேட்டரின் தலை சும்மாத்தான் இருந்தது. அங்கேயே வேட்டியை விரித்துப் பிழிந்தாள், இந்தத் தடவை குடையோடு.

"அண்ணே, வடாம் பத்திரம்!" என்றது பலகை, மேலிருந்து.