மாமா கொண்டுவரும் ஊற்றுத் தண்ணீர்

"ஹே-ரான், உங்கப்பாவுக்குக் கழுதை வேலை போட்டுக் கொடுத்திருக்கீங்க போல?"

லிஃப்டில் ஏழாம் மாடி அம்மாள் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். சிரித்துக்கொண்டே கேட்டால்தான் ஆழமாக இறங்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வயசான மனுஷன், மழையோ பனியோ, ட்ராலியில ரெண்டு கேனைக் கட்டி இழுத்துக்கிட்டு மலை ஊற்றுக்குப் போறாரு. எதுக்கு? மாப்பிள்ளை பியர் காய்ச்சணுமாம்! ஏன், சியோல்ல குழாய் இல்லையா?"

ஹே-ரானுக்கு முகம் சிவந்துவிட்டது. இன்றோடு இந்தத் தண்ணீர்க் கூத்துக்கு முழுக்கு என்று முடிவு செய்துகொண்டுதான் வீட்டுக் கதவைத் திறந்தாள்.

அப்பா அப்போதுதான் வந்திருந்தார். சோபாவில் சாய்ந்து முட்டியைத் தேய்த்தபடி, பால்கனியைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"மாப்பிள்ளை, இன்னிக்கு ஊற்று ஐஸ்தான் போங்க! ஒரு வாய் குடிச்சேன், பல்லெல்லாம் கூசுது."

"அதான் மாமா வேணும்! குழாய்த் தண்ணியில காய்ச்சினா அது பியரா? கஷாயம்!" பால்கனியிலிருந்து பதில் வந்தது.

தண்ணீரைப் பற்றி அவள் கணவன் சாங்-உக்கிடம் வாயைக் கொடுத்து மீண்டவர் இல்லை. கறுப்பு பியருக்கு எந்தத் தண்ணீர், வெளிர் பியருக்கு எந்தத் தண்ணீர் என்று கல்யாண வீட்டிலும் பேசுவான், சாவு வீட்டிலும் பேசுவான். பியரில் பெரும்பகுதி தண்ணீர். மீதி, தண்ணீரைப் பற்றிய பேச்சு.

ஹே-ரான் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? கிம்ச்சி ஊறுகாய் வைக்க வாங்கின ஃப்ரிட்ஜைப் பிடுங்கி பியர் வெச்சீங்க, பொறுத்துக்கிட்டேன். முட்டி வலியில துடிக்கிற எங்கப்பாவை…"

அவன் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"என்ன அது? காட்டுங்க."

தம்ளரில் தண்ணீர் ரோஜா நிறத்தில் இருந்தது.

"அது வந்து… குளோரின் இருக்கான்னு பார்க்கிற மருந்து. இருந்தா இப்படிச் சிவக்கும். அப்படியே காய்ச்சினா பியர்ல ஆஸ்பத்திரி வாசனை வந்துடும். ஒரு மாத்திரையைப் பொடிச்சுப் போட்டா சரியாயிடும்."

"மலை ஊற்றுல யாரு குளோரின் போட்டாங்க?"

சாங்-உக் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான். தண்ணீரைப் பற்றிய கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

"அப்போ இது குழாய்த் தண்ணியா? அப்பா உங்களை ஏமாத்துறாரா?"

"கத்தாதே, கேட்டுடப்போகுது. முதல் கேன்லேருந்தே இப்படித்தான்."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க?"

"ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். மார்க்கெட் பக்கத்துல வயசானவங்க பகல்ல கூடி ஆடுற டான்ஸ் ஹால் இருக்குல்ல, அங்கே கேனை வாசல்ல ஒப்படைச்சுட்டு ஆடுறாரு. அவர்கூட ஆட ரெண்டு பாட்டிங்க வரிசையில நிக்கிறாங்க. வரும்போது அங்கேயே குழாய்ல பிடிச்சுக்கிறாரு."

"முட்டி?"

"முட்டி வீட்டுல மட்டும்தான் வலிக்குது."

ஹே-ரான் வாயைத் திறந்தாள். சாங்-உக் முந்திக்கொண்டான்.

"போன வருஷம் உன்கிட்ட நேராவே கேட்டாரு, அங்கே போகட்டுமான்னு. 'இந்த வயசுல ஆட்டமா, ஊர் சிரிக்கும், பேசாம வீட்டுல இருங்க'ன்னு நீதான் சொன்னே. அதுக்கப்புறம் டிவி முன்னாடியே உட்கார்ந்து ஆளே பாதியாயிட்டாரு. அதனாலதான் ஊற்றுத் தண்ணி இல்லாம பியரே வராதுன்னு நான் கிளப்பிவிட்டேன். வெளியே போக ஒரு சாக்கு வேணும்ல? எனக்கென்ன, குழாய்த் தண்ணியே தாராளம்."

ஹே-ரான் தம்ளரை அவன் கையிலிருந்து வாங்கி மறைவாக வைத்தாள். பிறகு கதவைத் திறந்துகொண்டு அப்பாவின் முன்னால் போய் நின்றாள்.

மகளின் முகத்தைப் பார்த்ததும் அப்பா அவசரமாக முட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார். "எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லம்மா. மாப்பிள்ளைக்காகத்தானே… நிறுத்தச் சொல்லிடாதே."

"நிறுத்துறதா? இந்த ரெண்டு கேன் எந்த மூலைக்குப்பா?" என்றாள் ஹே-ரான். "இனிமே தினம் போய்ட்டு வாங்க. ஊற்றுல கூட்டமா இருந்தா அவசரப்பட வேண்டாம், இருட்டினப்புறம் வந்தாக்கூடப் போதும்."