கீழ்வீட்டுப் பீரங்கி

இன்றைக்கு மட்டும் கீழ்வீட்டுப் பீரங்கி மேலே ஏறி வந்துவிடக் கூடாது. சமையலறையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவளுக்கு அது ஒன்றுதான் கவலை.

பீரங்கி என்பது கீழ்வீட்டு அம்மாவுக்கு அவள் வைத்த பெயர். மேல்வீட்டில் இருக்கும் அவளுடைய கணவர் பத்திரிகையில் விமர்சனம் எழுதுகிறவர். வீட்டில் போட்டுப் பார்க்க டிஸ்க்காக வரும் படங்களுக்கு, காட்சி எப்படி, ஒலி எப்படி என்று தனித்தனியாக மார்க் போடுவார். டிஸ்க் ஓடத் தொடங்கினால் போதும், அந்த அம்மா வந்து கதவை இடிப்பார்.

"இவ்வளவு சத்தம் எதுக்கு? காது செவிடா?"

செவிடுதான். அது அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்ளக் கணவர் பழகியிருந்தார். ஆனாலும் ஒலியைப் பற்றி அவர் எழுதியதில் இதுவரை யாரும் குறை கண்டதில்லை. எப்படி எழுதுகிறார் என்று அவளுக்கே புரியாது. கேட்டால், "அதெல்லாம் அனுபவம்" என்று மழுப்புவார்.

இன்றைக்குப் பத்திரிகை ஆசிரியரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"சும்மா, உங்களோட சேர்ந்து பார்க்கலாம்னு வந்தேன்."

சும்மா வருகிற ஆளா அவர்? யாரோ எதையோ ஓதிவிட்டிருக்கிறார்கள். இந்த வயதில் வேலை போனால் எங்கே போய் நிற்பது?

ஹாலில் விளக்கை அணைத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டிருந்தார்கள். டிவியில் கார்ட்டூன் போலீஸ் படம். இன்ஸ்பெக்டர் பெண் ஜீப்பில் துரத்த, கடத்தல்காரர்கள் திரும்பித் திரும்பிச் சுட, ஜன்னல் கண்ணாடியே அதிர்ந்தது.

"ராத்திரிக் காட்சி. ஆனா ஒவ்வொரு முகமும் தெளிவாத் தெரியுது இல்ல?" என்றார் ஆசிரியர், டிவியைப் பார்த்தபடியே.

கணவரிடமிருந்து பதில் இல்லை.

அவள் டீயோடு ஓடினாள். "படம் ஓடும்போது பேசினா அவருக்குப் பிடிக்காது சார். என் மேலயே எரிஞ்சு விழுவார்."

"அப்படியா?" ஆசிரியரின் சிரிப்பு உதட்டோடு நின்றது. "அந்த ரிமோட்டை இப்படிக் குடுங்கம்மா."

அவள் எடுத்துக் கொடுத்தாள்.

ஆசிரியர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, கணவரின் முகத்தையே பார்த்தபடி சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ஜீப்பின் உறுமல் தேய்ந்தது. துப்பாக்கிச் சத்தம் விரல் சொடுக்காகி, அதுவும் இல்லாமல் போனது. படத்தில் ஒரு துறைமுகமே வெடித்துச் சிதறியது. ஹாலில் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

கணவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்.

கண்ணைக் காட்டலாம் என்றால் அவர் இந்தப் பக்கம் திரும்பினால்தானே? தொட்டுச் சொல்லலாம் என்றால் நடுவில் ஆசிரியர்.

ஆசிரியர் தொண்டையைச் செருமினார். அதே நேரம் கதவு படபடவென்று இடிபட்டது.

அவள் என்றால் திறந்திருக்கவே மாட்டாள். ஆசிரியரே ரிமோட்டும் கையுமாகப் போய்த் திறந்துவிட்டார்.

வந்த வேகத்தில் பீரங்கி சுவிட்சைத் தட்டி விளக்கைப் போட்டார். டிவியை மறைத்துக்கொண்டு கணவருக்கு நேர் எதிரே நின்றார்.

"என்ன சார், விளையாடுறீங்களா? இவ்வளவு நேரம் சுட்டுத் தள்ளினீங்க. என் வீட்டுப் பாத்திரமெல்லாம் ஆடுச்சு, பொறுத்துக்கிட்டேன். இப்ப கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, சுத்தமா சத்தமே இல்ல. இத்தனையும் தாங்கினவளுக்கு முடிவு தெரிய வேண்டாமா? அந்தத் திருடன் செத்தானா இல்லையா?"

கணவரின் பார்வை அந்த அம்மாவின் வாயிலிருந்து ஆசிரியரின் கைக்குப் போனது.

"என்னைக் கேட்டா? சார்தான் குறைச்சார். வந்த இடத்துல தலைவலியோ என்னவோன்னு நானும் பேசாம இருந்தேன்."

ஆசிரியருக்கு முகம் தொங்கிவிட்டது. "ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று பால்கனிப் பக்கம் நழுவினார்.

பீரங்கி விடுவதாக இல்லை. "இதே படத்தைத் தங்கச்சி பசங்களோட தியேட்டர்ல பாதி வரைக்கும் பார்த்தேன். ஜீப்புக்குள்ள அந்தப் பொண்ணு பேசுறது அங்க தெளிவாக் கேட்டுச்சு. இந்த டிஸ்க்ல துப்பாக்கிதான் கத்துது, அவ வாய்ல துணியை அடைச்ச மாதிரி முனகுறா. சைரன் மட்டும் என் தலைக்கு மேல பின்பக்கத்துலேருந்து முன்பக்கம் ஓடி வருது, அது ஒண்ணுதான் உருப்படி. இதுக்கா இத்தனை சத்தம்?"

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றார் கணவர்.

"மன்னிப்பு யாருக்கு வேணும்? ஏம்மா, ஒரு வாய் தண்ணி குடு." பீரங்கி அவள் பின்னாலேயே சமையலறைக்குள் வந்துவிட்டார்.

ஹாலில் ஆசிரியர் திரும்பி வந்து உட்காருவது கேட்டது. தொடர்ந்து கணவரின் குரல்.

"காட்சிக்கு முழு மார்க் போடலாம் சார். ஒலிக்குத்தான் மனசு வரல. தியேட்டர்ல தெளிவாக் கேட்ட பேச்சு, டிஸ்க்ல துப்பாக்கிக்கு அடியில அமுங்கிப் போச்சு. பின்னாலேருந்து முன்னால வர்ற சைரன் மட்டும் அருமை."

"நானும் அதையேதான் நினைச்சேன்" என்றார் ஆசிரியர். "உங்க காதே காது சார்."

அவள் செம்பும் கையுமாக அப்படியே நின்றாள். இத்தனை நாள் வந்த சண்டைகள் ஒவ்வொன்றும், பத்திரிகையில் படித்த வரிகளோடு ஒட்டிக்கொண்டு ஞாபகம் வந்தன.

"அக்கா... நீங்க..."

பீரங்கி தண்ணீரைக் குடித்து முடித்தார். பேசியபோது அந்தக் குரல், அவள் இதுவரை கேட்டேயிராத மெல்லிய குரலாக இருந்தது.

"வந்தவர் கீழயே என்னைப் பிடிச்சு, மேல்வீட்டுக்காரருக்குக் காது நல்லாக் கேட்குமான்னு விசாரிச்சார். எனக்கு மனசு ஆறல. படியிலயே நின்னுட்டேன்."

பீரங்கி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அடுத்த தடவை ஹால் லைட்டை நீயே போட்டு வைம்மா. இருட்டுல என் வாய் அவருக்குச் சரியாத் தெரிய மாட்டேங்குது."