காகிதப்பூ பூக்கட்டும்

"மறுபடியும் எவ இதுக்குத் தண்ணி ஊத்துனது?"

மொட்டை மாடியிலிருந்து இளம்பரிதி போட்ட சத்தம் சாரம் பகுதி முழுக்கக் கேட்டிருக்கும். அவர் மகள் அறிவுமதி, வாயில் பிரஷ்ஷோடு மேலே ஓடினாள்.

நல்ல வெயில் படும் மூலையில், தட்டையான தொட்டியில், முழங்கை உயரத்துக்கு நின்றது அந்தக் காகிதப்பூ மரம். போன்சாய். தண்டு பெருத்து, கிளைகளுக்குக் கம்பி சுற்றி, பார்க்க முழு மரம்தான். பூ மட்டும் இல்லை. தொட்டி மண்ணில் விரலை விட்டுப் பார்த்தாள். சொதசொதவென்று இருந்தது.

"காயப்போட்டாதான் இது மொட்டு விடும். எல வாடித் தொங்கணும், அப்பதான் பூ வரும். தண்ணி ஊத்துனா எலையா தள்ளிக்கினு நிக்கும். எத்தினி தடவ சொல்றது இந்த வூட்ல?" இளம்பரிதி தலையில் அடித்துக்கொண்டார்.

போன வருஷமும் இதே கூத்துதான். தெருவில் கவனிப்பாரற்றுக் கிடந்த காகிதப்பூவெல்லாம் சுவர் தெரியாமல் பூத்துக் கொட்ட, இந்தச் செல்லப்பிள்ளை மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது.

ஒரு தொட்டி மரம் பூக்காவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? முழுகிவிடும். அவள் கல்யாணமே அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

வைத்திக்குப்பத்து மீனவர் வீட்டுப் பையன், படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறவன் வினோத்குமார். அவனை அவள் வீட்டுக்கே அழைத்து வந்து நிறுத்திய அன்று, அம்மா தையல்நாயகி முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்: "கடலுக்குப் போற வூட்ல எம்பொண்ணக் குடுக்க எனக்கு இஷ்டமில்ல."

அப்பா அப்படியில்லை. பெற்றவர்கள் வைத்த பக்கிரி என்ற பெயரையே இளம்பரிதி என்று மாற்றிக்கொண்டவர். சாதி ஒழிப்புக் கூட்டம் எங்கே நடந்தாலும் மேடையில் அவருக்கு ஒரு நாற்காலி உண்டு. பையனின் தோளில் கை போட்டுக்கொண்டார்.

"நல்ல நாளு கெட்ட நாளுலாம் நான் பாக்கறதில்ல தம்பி. என் கையால வளத்த இந்த மரம் பூக்கற நாள்தான் எனக்கு நல்ல நாளு. அது பூக்கட்டும். அன்னிக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மொத கையெழுத்து என்னுது."

வினோத்குமார் உருகிப்போனான். ஆனால் அவன் அம்மா எத்தனை நாள் உருகுவாள்? இந்தத் தை முடிவதற்குள் பேச்சு முடியாவிட்டால் வேறு பெண் பார்க்கப்போவதாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

அறிவுமதி விடுவிடுவென்று கீழே இறங்கி, நேரே சமையல்கட்டுக்குப் போனாள்.

"ஏம்மா, உனக்கு மனசாட்சியே இல்லியா?"

"நான் ஊத்தலடி."

"பின்ன காக்கா வந்து ஊத்துச்சா?"

"இஷ்டமில்லன்னா இஷ்டமில்லன்னு சொல்றவ நான். அன்னிக்கும் சொன்னேன், இன்னிக்கும் சொல்றேன். திருட்டுத்தனமா தண்ணி ஊத்தற புத்தி எனக்குக் கெடையாது."

"பொய் சொல்லாத! இனிமே எங்கிட்ட பேசாத. நீ எனக்கு அம்மாவே இல்ல!"

தையல்நாயகி கரண்டியை அப்படியே போட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பாதான் வந்து மகளின் தலையைத் தடவினார்.

"வுடு கண்ணு. பெத்தவ அப்படித்தான் இருப்பா. நான் இருக்கேன்ல."

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இப்படி ஒரு அப்பா எத்தனை பேருக்குக் கிடைப்பார் என்று நினைத்துக்கொண்டாள்.

அன்று மாலை பெரிய மார்க்கெட் பக்கம் போய் ஒரு பூட்டு வாங்கி வந்தாள். மாடிக்குப் போய்ப் பார்த்தபோது, பகல் வெயிலில் தொட்டியின் மேல்மண் காய்ந்து வெளுத்திருந்தது. கதவை இழுத்துப் பூட்டினாள். பூட்டோடு வந்த இரண்டு சாவிகளில் ஒன்றை, இருந்த ஆத்திரத்தில், எதிர்ச் சாக்கடையில் வீசினாள். இன்னொன்றை அப்பாவிடம் கொடுத்தாள். அவர் அதை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

அம்மாவின் அறைக் கதவு சாத்தியபடியே இருந்தது. சாப்பிட வா என்று கூப்பிட அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் மனம் வரவில்லை.

காலையில் அப்பாதான் மாடிக் கதவைத் திறந்துவிட்டார். அறிவுமதி முதலில் நுழைந்தாள். தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. தரையெல்லாம் ஈரம்.

"பாத்தியா! பாத்தியா உங்கம்மா வேலய!" இளம்பரிதி குதித்தார். "ராத்திரி நான் அசந்து தூங்கையில இடுப்புலேர்ந்து சாவிய அவுத்துருக்கா. தண்ணிய ஊத்திட்டு மறுபடி கட்டியும் வுட்ருக்கா. இன்னா நெஞ்சழுத்தம் பாரு!"

அறிவுமதி படிகளைத் தாவி இறங்கி, அம்மாவின் அறைக் கதவை ஓங்கி அறைந்தாள்.

"வெளிய வா! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துர்றேன்!"

கதவு தானாகத் திறந்துகொண்டது. பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. ஆணியில் எப்போதும் தொங்கும் அம்மாவின் பையைக் காணோம். போன் போட்டாள்.

"எங்கம்மா இருக்க?"

"கடலூர்ல, உங்க மாமன் வூட்ல. நேத்து சாயங்காலம் நீ கடைக்குப் போனியே, அப்பவே பஸ் ஏறிட்டேன். அம்மாவே இல்லன்னுட்ட, அப்பறம் அங்க எனக்கு இன்னா வேல?"

அறிவுமதி போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பிப் பார்த்தாள்.

"வுடு கண்ணு. பெத்தவ அப்படித்தான் இருப்பா. நான் இருக்கேன்ல" என்று சொல்லிக்கொண்டே, வீட்டிலிருந்த அந்த ஒரே சாவியை இடுப்பில் முடிந்தபடி அப்பா படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.