பேசியவர்கள்

எட்டாம் வகுப்புச் சாக்பீஸுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது.

"நல்ல தலைவர் யார்? பாடத்தைப் படித்துவிட்டுக் கலந்து பேசுங்கள்" என்று கரும்பலகையில் எழுதிவிட்டுத்தான் டீச்சர் வெளியே போனார். அவர் தலை மறைந்ததும் வகுப்புத் தலைவன் இளவேந்தன் அதே சாக்பீஸை எடுத்து, அதற்குக் கீழேயே 'பேசியவர்கள்' என்று எழுதிக் கோடு போட்டான்.

"தலைவர்னா நாம சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கணும்" என்றாள் சபீனா. அவள் பெயர் பலகையில் ஏறியது. "தப்பு செஞ்சா ஒத்துக்கணும்" என்றான் அந்தோணி. அவன் பெயரும் ஏறியது. "டீச்சர்தானே பேசச் சொன்னாங்க?" என்று கேட்ட பூவிழிக்குப் பெயரோடு ஒரு பெருக்கல் குறியும் சேர்ந்து விழுந்தது.

"அநியாயம்! பேசச் சொல்லி எழுதினதும் நான், பேசினவங்களை மாட்டிவிடுறதும் நானா?" என்று சாக்பீஸ் கத்தியது.

"நமக்கெதுக்கு வம்பு? பிடிச்ச கை இழுக்கிற பக்கம் போ" என்றது மேசைமேல் கிடந்த டஸ்டர்.

"தூ! நீயெல்லாம் ஒரு ஜென்மம்!"

வகுப்பு கப்சிப்பென்று அடங்கிவிட்டது. திரும்பி வந்த டீச்சருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "ஒரு சத்தம் இல்லையே! நல்ல தலைவரை வேற எங்க போய்த் தேடறது? கேள்விக்கு நேரா உன் பேரையே எழுதுப்பா."

சாக்பீஸுக்குப் பொறுக்கவில்லை. முதல் எழுத்திலேயே கிறீச்சென்று அலறி, இரண்டாக உடைந்து, பாதியாய்த் தரையில் விழுந்தது. இனி எப்படி எழுதுவான், பார்க்கலாம் என்று அண்ணாந்து பார்த்தது. அவன் கையில் மிஞ்சிய மறுபாதி, மீதிப் பெயரை முத்து முத்தாக எழுதிக்கொண்டிருந்தது.

"அடப்பாவி, நீயுமா?"

"நமக்கெதுக்கு வம்பு?" என்றது அது.