சன்னலோரப் பெட்டி

"இந்த வைஃபை பெட்டிய நடு அறைக்கு மாத்திருவோம் அய்யா," என்றான் விமல், புது இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வந்தவன். "சன்னல்ல வச்சா பாதி சிக்னல் தெருவுக்குத்தான் போகும்."

"போகட்டும்," என்றார் அப்பா.

"தெருவுல போறவனுக்கெல்லாம் பந்தி வைக்கிய மாதிரில்லா இருக்கு."

அப்பா சிரிக்கவில்லை. ராணுவத்திலிருந்து வந்தவர். ஒரு சொல்லை இரண்டு முறை சொல்லும் பழக்கம் இல்லை.

"டிவியும் சன்னலுக்கு நேர் எதிர்ல இருக்கு. வெளிச்சம் அடிச்சு கண்ணு கூசுமே."

"அது கெடக்கட்டும் தம்பி. நீ ஒன் வேலையப் பாரு."

நான் மூச்சை விட்டேன். பெட்டி நடு அறைக்குப் போனால் பக்கத்துச் சந்துக்கு சிக்னல் எட்டாது.

சந்தில்தான் அண்ணன் வந்து நிற்பான்.

வேல்பாண்டி அண்ணன் அப்பா பேச்சை மீறி ஜெபாவைக் கல்யாணம் செய்த அன்று, அவன் பெயரை இந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். என் போனை அடிக்கடி வாங்கிப் பார்ப்பார். அம்மாவிடம் இருப்பது பட்டன் போன்.

மிச்சமிருந்தது டிவி.

ராஜபாளையத்தில் மில் வேலை முடிந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பும்போது, அண்ணன் வண்டியை மம்சாபுரத்துக்குள் திருப்புவான். எங்கள் வைஃபை அவன் போனில் இன்னும் இருக்கிறது. சந்தில் நின்றபடியே, குழந்தையின் வீடியோவை எங்கள் டிவியில் ஓட விடுவான். செத்த நேரம்தான்.

அம்மா பேத்தியைக் கையில் தூக்கியதில்லை. டிவியைத் தொட்டுப் பார்ப்பாள்.

அந்த நேரத்தில் அப்பா எதிரே இருக்கும் சமுத்திரம் டீக்கடைக்குப் போயிருப்பார். அவர் இறங்கியதும் அம்மா வாசல் விளக்கைப் போடுவாள். அண்ணனுக்கு அதுதான் அடையாளம். விளக்கு எரியாவிட்டால் நிற்காமல் போய்விடுவான்.

இன்று விமல் வந்ததே தாமதம். இருட்டத் தொடங்கியும் அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை.

விமல் பெட்டிக்கு பிளக் தேடினான். எதில் கரண்ட் வருகிறது என்று பார்க்க, வரிசையாக எல்லா சுவிட்சையும் தட்டினான்.

வாசல் விளக்கு எரிந்தது.

அம்மா என்னைப் பார்த்தாள். சுவிட்ச் போர்டு அப்பாவின் தலைக்கு மேல் இருந்தது.

"வெளி லைட்ட அணைச்சிரட்டுமாப்பா?" என்றேன்.

"எரியட்டும்ட்டி. இருட்டிட்டுல்ல."

விமல் புதுப் பெட்டியைச் சன்னலில் வைத்தான். "பழைய பேரு, பழைய பாஸ்வேர்டே போட்டுட்டேன். டிவி, போன் எல்லாம் தானா சேந்துக்கிடும்."

அப்பா கேட்டார். "டிவியில ஓடுனத, பொறவு திரும்பப் போட்டுப் பாக்க முடியுமா?"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சேனல்ல வந்ததுன்னா சிலது பாக்கலாம் அய்யா. போன்ல இருந்து போடுறத அப்பமே பாத்தாத்தான் உண்டு."

"அப்பமே பாத்தாத்தான்," என்று அப்பா தலையை ஆட்டினார்.

சந்தில் வண்டிச் சத்தம் வந்து நின்றது.

விமல் தன் போனில் பெட்டியின் பக்கத்தைத் திறந்து, எதெல்லாம் சேர்ந்திருக்கிறது என்று வாசித்தான். "டிவி வந்துட்டு. அய்யா போன். தங்கச்சி போன்." நிறுத்தினான். "வேல்பாண்டின்னு ஒண்ணு இப்பம் சேந்திருக்கே. அது யாரு?"

அந்தப் பெயர் வீட்டுக்குள் கேட்டு வெகு நாளாயிற்று.



"வெளியாளுன்னா சொல்லுங்க. பாஸ்வேர்ட மாத்திருவோம். பெட்டியையும் உள்ள தள்ளி வச்சிட்டா எவனும் தொட முடியாது."

நான் பொய் சொல்ல வாயெடுத்தேன். "அது என் பழைய..."

"வீட்டு போன்தான்," என்றார் அப்பா. "இருக்கட்டும்."

எழுந்தார். ஆணியில் கிடந்த சட்டையை மாட்டினார். பையில் கண்ணாடிக்கூடு துருத்திக்கொண்டிருந்தது. எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல், "கடைக்குப் போயிட்டு வாரேன்," என்று இறங்கினார்.

விமல் பையைக் கட்டினான். "சன்னல் திரைய மட்டும் இழுத்து விட்டுறாதிய. பெட்டி சூடாயிரும்."

"இவ அப்பா எங்க இழுக்க விட்டாவ? திரையத் தொட்டாலே ஏசுவாவ," என்றாள் அம்மா.

விமலின் வண்டி தெரு முனையில் திரும்பியதும் டிவியில் அண்ணன் போட்ட வீடியோ வந்தது. குழந்தை சுவரைப் பிடித்து எழுந்து நின்றது. கையை எடுத்தது. ஒரு எட்டு வைத்தது.

அம்மா டிவிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குப் பயம் போகவில்லை. அப்பா நேராகச் சந்துக்குத்தான் போவார். அண்ணன் சட்டையைப் பிடிப்பார். சன்னல் ஓரமாக நின்று பார்த்தேன்.

அவர் சந்துப் பக்கம் திரும்பவே இல்லை.

டீக்கடையில் எல்லாரும் உள்ளே ஓடும் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா மட்டும் கடைக்கு முதுகைக் காட்டி, வெளி பெஞ்சில், எங்கள் சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சமுத்திரம் டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனார். தினமும் அப்படித்தான் வைப்பார் போல.

அப்பா கூட்டைத் திறந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அது தூரப் பார்வைக் கண்ணாடி. வீட்டில் டிவி பார்க்கும்போது மட்டும்தான் போடுவார். டீ குடிக்கப் போகிறவருக்கு அது எதற்கு என்று நாங்கள் ஒருநாளும் யோசித்ததில்லை.

டிவியில் குழந்தை இரண்டாவது எட்டு வைத்தது.

"செத்த தள்ளி உக்காரும்மா," என்றேன். "மறைக்குது."